பார்ட்டி கேமைப் பற்றி உருப்படியாகக் கருத்துச் சொல்வது எப்படி

போன மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு டிவி, ஒரு லேப்டாப், நாலு கன்ட்ரோலர், ஏழு பேர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிற வேலை, வலை சரிபார்க்கிற வேலை எல்லாம் பகலோடு முடிந்துவிடும், சாயங்காலம் ஆனால் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எங்களுக்கு நேரம்தான் நேரம். அந்தச் சமயத்தில்தான் மச்சான் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் கேங் பீஸ்ட்ஸ் வாங்கினான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கொழுக்கட்டை மாவில் பிடித்துவைத்த மாதிரி கொழகொழவென்று சின்னச் சின்ன மனிதர்கள், ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடித்து, இழுத்து, குத்தி, ஓடுகிற லாரி மேலிருந்தும் உயரமான கட்டடத்தில் தொங்குகிற மேடையிலிருந்தும் கீழே தள்ள வேண்டும். அவ்வளவுதான் கேம். முதல் நாள் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. நாலாம் நாள் யாரும் அதை ஆன் பண்ணவே இல்லை.

மச்சானுக்கு ஒரே குழப்பம். "ரிவ்யூ எல்லாம் பாத்துத்தான வாங்குனேன், எல்லாவனும் சூப்பர்னு சொன்னான். இப்ப இது நல்ல கேமா, மொக்கை கேமா?" என்று கேட்டான். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. தனியாக உட்கார்ந்து விளையாடுகிற கேமுக்குக் கருத்துச் சொல்வது சுலபம், உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று சொன்னால் போதும். கூட்டமாகச் சேர்ந்து விளையாடுகிற பார்ட்டி கேம் அப்படி இல்லை. அதில் கேம் பாதி, கூட விளையாடுகிற ஆட்கள் பாதி. நல்ல கூட்டம் அமைந்தால் சுமாரான கேமும் நல்லா இருக்கிற மாதிரி தெரியும். அதனால்தான் இந்த வகை கேமுக்கு வருகிற கருத்துகளில் பாதிக்கு மேல் யாருக்கும் உதவாமல் போகிறது என்பது என் எண்ணம். அடுத்தவர் கருத்தை எப்படிப் படிப்பது, நம் வீட்டில் ஒரு கேமை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது, மூன்றையும் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் அவுட் ஆனவர் என்ன செய்கிறார்?

இதைவிட முக்கியமான சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. விளையாடும்போது டிவியைப் பார்க்காதீர்கள், ஜெயிக்கிறவன் கத்துவதையும் பார்க்காதீர்கள். முதலில் அவுட் ஆனவர் அடுத்த ரவுண்டு வரை என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. சின்னம்மா மகள், பத்து வயசு. தொங்குமேடை மேப், அதாவது சண்டை நடக்கிற இடம் அது. ஆரம்பித்துப் பத்து நொடியில் யாரோ அவளைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டார்கள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு மச்சானும் அவன் கூட்டாளியும் மேடை விளிம்பில் ஒருத்தன் காலை ஒருத்தன் பிடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்தார்கள். விடவே இல்லை. இவன் ஏறப் பார்ப்பான், அவன் இழுப்பான், திரும்ப இவன் ஏறுவான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, முதல் ஒரு நிமிஷத்துக்கு. அந்தப் பிள்ளை கன்ட்ரோலரை முதலில் மடியில் வைத்திருந்தாள், அப்புறம் பாயில் வைத்தாள், அப்புறம் எழுந்து போய்ப் பானையில் தண்ணி மொண்டு குடித்தாள், அப்பத்தா போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். ரவுண்டு முடிந்து கூப்பிட்டபோது "நீங்களே விளாடுங்கண்ணே" என்றாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் ரெண்டு பேர் வரவில்லை. கேம் செத்தது அந்தத் திண்ணையில்தான், டிவியில் இல்லை.

அதனால் போனில் ஸ்டாப்வாட்சைப் போடுங்கள். முதலில் அவுட் ஆனவர் மறுபடி பட்டனைத் தொடுவதற்கு எத்தனை நேரம் ஆகிறது என்று பத்து ரவுண்டுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷம் என்றால் பிரச்சினை இல்லை. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போனால் பிள்ளைகளும் வயசானவர்களும் மூன்றாம் நாளுக்குள் கழன்றுகொள்வார்கள், எங்கள் வீட்டுக் கணக்கு இது. நம் ஊர் விளையாட்டிலேயே இது உண்டு. தாயம் விழாமல் பத்துச் சுற்று உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், மற்றவர் காய் எல்லாம் பாதிக் கட்டத்தைத் தாண்டிவிட்டிருக்கும், இவர் இன்னும் கட்டத்துக்குள்ளேயே போகவில்லை.

சில கேம்கள் இதை யோசித்துச் செய்திருக்கின்றன. அமங் அஸ் விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் செத்தவர் பேயாகச் சுற்றிக்கொண்டே தன் வேலைகளை முடிக்கலாம், முடித்தால் அது அவர் கட்சிக்கு உதவும். அதாவது செத்தவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாம்பர்மேன் வரிசையில் சில கேம்களில் அவுட் ஆனவர் ஓரத்தில் நின்றுகொண்டு உள்ளே குண்டு எறியலாம். இந்த மாதிரி ஒன்று இருக்கிறதா என்பதை உங்கள் கருத்தில் கட்டாயம் எழுதுங்கள். நான் படித்த விமர்சனங்களில் கிராஃபிக்ஸ் பற்றி ஒரு பத்தி இருக்கும், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஓவர்குக்ட் இதற்கு நேர் எதிர். அதில் யாரும் அவுட் ஆவதே இல்லை, நாலு பேரும் ஒரே சமையலறையில் ஒன்றாக வெட்டி, வேகவைத்து, தட்டில் போட்டு அனுப்ப வேண்டும். கோஸ்ட் டவுன் கேம்ஸ் என்று ரெண்டே பேர் தொடங்கிய நிறுவனம் செய்து 2016-ல் வந்தது, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் குடும்ப விளையாட்டுக்கான விருது வாங்கியது. அதில் ஒரு கப்பல் சமையலறை வரும், கப்பல் சாயும்போது மேடைகள் வழுக்கிக்கொண்டு இடம் மாறும். எங்கள் மாமா ஒருத்தர் இருபது வருஷமாகப் படகில் போகிறவர், ஆடுகிற படகில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கிப் பழகியவர், அதைப் பார்த்ததும் "அட, இத நானும் வெளையாடுறேன்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கேமில் வேறொரு தொல்லை. யாரும் அவுட் ஆகாததால், கை மெதுவாக இருக்கிறவர்மேல் எல்லோருடைய கோபமும் போகும். "வெங்காயம் எங்க? அடுப்புல வச்சது கருகுது பாரு!" என்று தொடங்கி, மூன்றாவது லெவலில் மாமாவையே அதட்ட ஆரம்பித்துவிட்டான் மச்சான். கேங் பீஸ்ட்ஸில் தோற்றவரும் சிரிக்கிறார். ஓவர்குக்டில் தோற்றால் திட்டு வாங்குகிறார். எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்பது உங்கள் வீட்டு ஆட்களைப் பொறுத்தது, ஆனால் இந்த வித்தியாசத்தை எழுதினால்தான் படிக்கிறவருக்குப் பயன்.

தப்பு கேம்மேலா, கன்ட்ரோலர்மேலா?

"கன்ட்ரோல் சரியில்லை" என்று எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எங்கள் பக்கம் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில், எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். என் கன்ட்ரோலரில் சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. இடது ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நகர்வான். இது தெரியாமல் ஒரு வாரம் நான் கேமைத் திட்டிக்கொண்டிருந்தேன், ரெண்டு பேரிடம் வாங்காதே என்றும் சொல்லிவிட்டேன். அப்புறம் அவர்களைக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு ரவுண்டுக்கும் கன்ட்ரோலரைக் கைமாற்றிக்கொள்ளுங்கள். புகார் கன்ட்ரோலரோடு சேர்ந்து ஆள் மாறினால் கோளாறு அதில். எந்தக் கன்ட்ரோலரைக் கொடுத்தாலும் எல்லோரும் அதே புகாரைச் சொன்னால் அப்போது கேமைப் பற்றி எழுதலாம். டிவியில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் பல டிவிகளில் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவில் ஒரு தாமதம் தெரியும், தாவுகிற கேமில் அது உயிரை வாங்கும். கன்ட்ரோலரை விளையாடி முடித்ததும் துடைத்து மூடி போட்ட டப்பாவில் போட்டுவைப்பது நல்லது, அரிசி மூட்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அப்பத்தா சொல்வார், நான் டப்பாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதெல்லாம் சரி பார்த்த பிறகும் இந்த வகை கேம்களில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். ஆள் தள்ளாடுவதும் வழுக்குவதும் கேம் வேண்டுமென்றே செய்கிற வேலை. கேங் பீஸ்ட்ஸில் இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். தட்டினால் குத்து, அழுத்திப் பிடித்தால் பிடி. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூக்குகிற பட்டனை அழுத்தினால் ஆளையே தலைக்குமேல் தூக்கலாம். ஹ்யூமன் ஃபால் ஃபிளாட்டிலும் இதே மாதிரி ரெண்டு கையும் தனித்தனி, சுவரைப் பிடித்து ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லிதுவேனியாக்காரர் தோமஸ் சகலவுஸ்கஸ் செய்த கேம் அது, 2016-ல் வந்தது. இந்தத் தள்ளாட்டம் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் அது அவருடைய ருசி, அதில் தப்பில்லை. ஆனால் தள்ளாட்டத்தையும் கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

பிரித்துப் பார்க்க நான் செய்வது: பத்து முறை விழுந்த பிறகு, ஏன் விழுந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் கேம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பத்தில் ஆறு முறை "பிடிச்சுத்தான இருந்தேன், எப்புடி விட்டுச்சு?" என்று கேட்கத் தோன்றினால் அது கேமின் குறை, எழுதுங்கள். இன்னொன்றும் பாருங்கள், பத்து மணி நேரம் விளையாடியவர் புதியவரை எப்போதும் ஜெயிக்கிறாரா? எப்போதுமே ஜெயித்தால் பார்ட்டிக்கு ஆகாது. ஒருபோதும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, சீக்கிரம் அலுத்துவிடும். கேங் பீஸ்ட்ஸ் இந்த விஷயத்தில் நடுவில் நிற்கிறது. ஆனால் விளிம்பில் தொங்கும்போது ஏறிவருவது எப்படி என்று தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அதைக் கேம் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. வீட்டில் யாராவது ஒருத்தர் முதல் பத்து நிமிஷம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது

தேதியைப் பாருங்கள். கேங் பீஸ்ட்ஸ் 2014 ஆகஸ்டில் பாதி வெந்த நிலையில் முன்கூட்டியே விற்பனைக்கு வந்தது. முழு கேமாக வந்தது 2017 டிசம்பரில், மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து. 2014-ல் எழுதியவர் "இப்பவே இவ்வளவு சிரிப்பு, முழுசா வந்தா எப்படி இருக்கும்" என்று ஆசையோடு எழுதியிருப்பார். 2017-ல் எழுதியவர் "இத்தனை வருஷம் காத்திருந்தோம், இவ்வளவுதானா" என்று எழுதியிருப்பார். ஒரே கேம்தான், ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஃபால் கைஸ் 2020 ஆகஸ்டில் காசு கொடுத்து வாங்குகிற கேமாக வந்தது, 2022 ஜூனிலிருந்து இலவசம். அதனால் "கொடுத்த காசுக்கு இது போதாது" என்கிற பழைய கருத்து இன்றைக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. அமங் அஸ் 2018-ல் வந்து ரெண்டு வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்து, 2020-ல் ஊரெல்லாம் விளையாடிய கேம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடியவரா, ஆன்லைனில் விளையாடியவரா என்று பாருங்கள். முதல் ஓவர்குக்டில் ஆன்லைன் கிடையாது, ஒரே அறையில் இருக்க வேண்டும். 2018-ல் வந்த ரெண்டாவதில்தான் ஆன்லைன் வந்தது. ஹ்யூமன் ஃபால் ஃபிளாட்டுக்கு 2017-ல்தான் எட்டுப் பேர் வரை ஆன்லைனில் சேரலாம் என்று வந்தது. "ஆளே கிடைக்கல, லேக் அடிக்குது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது உங்கள் முன்னறைக்குப் பொருந்தாது. அதே மாதிரி, ஹாட்ஸ்பாட் போட்டுச் சவூதியில் இருக்கிற அண்ணனோடு விளையாடலாம் என்று நினைத்து வாங்குகிறவருக்கு, சோபாவில் நாலு பேர் உட்கார்ந்து விளையாடிவிட்டு எழுதிய பாராட்டு உதவாது.

ஸ்டீமில் கருத்துச் சொல்கிறவர் கட்டைவிரலை உயர்த்துவார், இல்லை தாழ்த்துவார், நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் அங்கே 70 சதவீதம் என்று பார்த்தால் நூற்றுக்கு எழுபது மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தில் ஏழு பேர் பரவாயில்லை என்றாவது நினைத்திருக்கிறார்கள், மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். 40-லிருந்து 69 வரை இருந்தால் கலவையான கருத்து என்று போடுவார்கள். பார்ட்டி கேமில் கலவை என்றால் நான் உடனே ஒதுக்கமாட்டேன், கட்டைவிரலைத் தாழ்த்தியவர்கள் எழுதியதைத்தான் முதலில் படிப்பேன். ஒவ்வொருவர் பெயர் பக்கத்திலும் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கும். அரை மணி நேரம் விளையாடிவிட்டுத் தாழ்த்தியவர் பெரும்பாலும் ஓடவில்லை, ஹேங் ஆகிறது என்று சொல்வார், அது உங்கள் லேப்டாப்புக்கும் பொருந்துமா என்று பாருங்கள். இருபது மணி நேரம் விளையாடிவிட்டுத் தாழ்த்தியவர் சொல்வதுதான் தங்கம். அவருக்கு அந்தக் கேம் பிடித்திருந்தது, எங்கேயோ அலுத்திருக்கிறது, எங்கே என்று அவர் எழுதியிருப்பார்.

வந்த அன்றைக்கே வருகிற மார்க்குகளை நம்ப வேண்டாம். விளையாடாமலே வந்து மார்க்கைக் குறைக்கிற கூட்டம் எல்லா இடத்திலும் உண்டு. விமர்சன மார்க்குகளைத் திரட்டிப் போடுகிற மெட்டாகிரிட்டிக் தளமே 2020-லிருந்து ஒரு கேம் வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்களைக் கருத்துச் சொல்ல விடுகிறது. நீங்களும் அந்த 36 மணி நேரத்தைப் பொறுத்திருங்கள்.

நம் வீட்டில் எந்த மொழி பேசுகிறோம்?

வெளியூர் விமர்சனங்களில் இதை எதிர்பார்க்க முடியாது, நாம்தான் எழுத வேண்டும். ஜாக்பாக்ஸ் என்று ஒரு வரிசை இருக்கிறது, போனையே கன்ட்ரோலராக வைத்துப் பதில் தட்டுகிற கேம்கள், வெளிநாட்டில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஓடவில்லை. ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்து, அமெரிக்காக்காரருக்கு மட்டும் புரிகிற ஒரு விஷயத்தை யோசித்து, அதற்கு ஒரு நக்கலான பதிலை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், அதுவும் நேரம் முடிவதற்குள். ரெண்டு காலேஜ் பையன்கள் மட்டும் விளையாடினார்கள், மற்ற ஐந்து பேரும் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேமில் குறையில்லை, எங்கள் முன்னறைக்கு அது வாய்க்கவில்லை.

கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் கேமும் ஆங்கிலம்தான், ஆனால் கதை வேறு. ஒருவருக்கு மட்டும் திரையில் வெடிகுண்டு தெரியும், மற்றவர்களிடம் அதைச் செயலிழக்க வைக்கிற கையேடு இருக்கும், ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கக்கூடாது, வாயால் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும். கையேட்டை இலவசமாகவே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். பெருநாளுக்குக் கீழக்கரையில் கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தபோது விளையாடினோம். அவன் லாத்தாதான், அதாவது அக்காதான், கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் படித்து அங்கேயே தமிழில் சொன்னார். எதிரில் தட்டு நிறையத் தொதல் இனிப்பு, கையெல்லாம் எண்ணெய், யாரும் எடுத்துச் சாப்பிடவில்லை.

"மூணு வயரு இருக்கு லாத்தா."

"செவப்பு இருக்கா?"

"இல்ல. மஞ்ச, நீலம், கறுப்பு."

"செவப்பே இல்லியா? நல்லாப் பாரு. அப்ப ரெண்டாவத வெட்டு. மேலேர்ந்து ரெண்டாவது!"

அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கன்ட்ரோலரைத் தொட்டே பழக்கமில்லாத அவர் உம்மாகூட "நேரம் ஓடுது, நேரம் ஓடுது" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் ஆங்கிலம் படித்தால் போதும், மீதிப் பேர் தமிழிலேயே விளையாடலாம். இதை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை, தெரிந்திருந்தால் ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கியிருப்பேன். அதனால் உங்கள் கருத்தில் இதை எழுதுங்கள்: எத்தனை பேருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும், எவ்வளவு வேகமாக.

லேப்டாப், டிவி இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாம்ப்ஸ்குவாட் ஆண்ட்ராய்டில் இலவசம், எட்டுப் பேர் வரை சேரலாம், ஒரே வைஃபையில் இருந்தால் போதும், மற்ற போன்களைக் கன்ட்ரோலராக வைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ்டீமும் அப்படித்தான், ஆளுக்கொரு போன், ஒருவர் போனில் வருகிற கட்டளைக்கான பட்டன் இன்னொருவர் போனில் இருக்கும், கத்திச் சொல்ல வேண்டும். நெட் போய்விட்டால்கூட இவை ஓடும், எங்கள் ஊரில் மழைக்காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

காசு போவதற்குள்

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், மொத்தம் ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தனியாக உட்கார்ந்து அந்த ரெண்டு மணி நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள், மச்சான் அதைத்தான் செய்தான். எல்லோரும் கூடுகிற நாளைப் பார்த்து, கன்ட்ரோலர் எல்லாம் சார்ஜ் ஏற்றி, அமைப்புகளை வேறு கேமில் சரிபார்த்துவிட்டு, அப்புறம் திறங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஸ்டாப்வாட்ச் கணக்கு கையில் வந்துவிடும்.

எழுதும்போது

மொக்கை, வேற லெவல், தெறி, மாஸ், இந்த நாலு வார்த்தையையும் எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். பேசும்போது நானும் சொல்வேன், ஆனால் எழுதும்போது அவை ஒன்றுமே சொல்வதில்லை. யாருக்கு என்ன நடந்தது என்று சொன்னால்தான் கருத்துக்கு வலு வரும். 1998-ல் வந்த முதல் மரியோ பார்ட்டியில் சில விளையாட்டுகளுக்கு ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது, பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துச் சுழற்றிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். இன்ன கேமில் இப்படிச் சுழற்றியதால் என் பிள்ளையின் உள்ளங்கை புண்ணாகிவிட்டது என்று பெற்றவர்கள் புகார் செய்தார்கள். கடைசியில் 2000-ல் அந்தக் கேமை வெளியிட்ட நின்டெண்டோ அமெரிக்காவில் கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. வெறுமனே மோசமான கேம் என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

எத்தனை பேர், என்ன வயசு, எத்தனை கன்ட்ரோலர், எத்தனை நாள் விளையாடினீர்கள், இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் மட்டும் விளையாடிவிட்டு எழுத வேண்டாம், குறைந்தது மூன்று சாயங்காலம். முதல் நாள் சிரிப்பு எல்லாக் கேமுக்கும் வரும். மூன்றாம் நாள் யார் வந்து "போடுங்கண்ணே" என்று கேட்கிறார் என்பதை எழுதுங்கள். யார் வாங்கக்கூடாது என்றும் ஒரு வரி. பிடித்த கேமானாலும் அந்த வரியை விடாதீர்கள்.

நான் மச்சானுக்காக எழுதியது இது. முதலில் கோபத்தில் எழுதி, பின்னர் நவம்பரில் வாடைக்காற்று அடித்து வடகடலில் படகு போகாத நாட்களில் மறுபடி எடுத்து விளையாடி, அதற்கப்புறம் திருத்தினேன்:

"கேங் பீஸ்ட்ஸ். ஏழு பேர், பத்து வயசிலிருந்து நாற்பத்தைந்து வரை, நாலு கன்ட்ரோலர், ஒரு டிவி, ஆன்லைனில் விளையாடவில்லை. முதல் தடவை நாலு நாளில் கைவிட்டோம். முதலில் அவுட் ஆனவர் சில ரவுண்டில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் அதில்தான் போய்விடுகிறார்கள். ஏறுவது எப்படி என்று யாராவது சொல்லித்தர வேண்டும். மேப்புகளில் லாரியும் கடல் மிதவையும் நல்லா இருக்கின்றன, தொங்குமேடையில் ரவுண்டு இழுத்துக்கொண்டே போகும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ரெண்டாவது தடவை நாங்களே ஒரு விதி வைத்தோம்: அவுட் ஆனவர் உடனே கன்ட்ரோலரைக் காத்திருக்கிறவரிடம் கொடுத்துவிட வேண்டும், அடுத்த ரவுண்டு அவருடையது. வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் அடுத்து யார் விழுவார் என்பதுதான் கவலை, அதனால் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்பது நாள் விளையாடினோம். ஆட்கள் கன்ட்ரோலரைவிட அதிகமாக இருக்கிற வீடென்றால் வாங்குங்கள். நாலு பேர் மட்டும் என்றால் விலை குறையும்வரை பொறுங்கள். ரெண்டு பேர் மட்டும் என்றால் வேண்டாம்."

பத்து வயசுக்காரி இதைப் படித்துவிட்டு, கடல் மிதவை மேப்பில் அண்ணனைத் தள்ளிவிட்டது அவள்தான் என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன்.